மிக்ஸ் முடிந்ததும் டிராக்குகளை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டிலேயே பாடல் பதிவு செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, சத்தம் உடையாமல் அளவு வைப்பது எப்படி, ஒரு டிராக்கை (குரல், கிட்டார் என ஒவ்வொன்றையும் தனியாகப் பதியும் தடம்) கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கில் பாடுவது எப்படி என்று எல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மல்டிடிராக் ரெக்கார்டரைப் பற்றித் தமிழில் இவ்வளவு நிதானமாக எழுதி நான் படித்ததில்லை. எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: மிக்ஸ் முடிந்ததும், அதாவது எல்லா டிராக்கையும் ஒரே பாட்டாகக் கலந்து முடித்ததும், தனித்தனி டிராக்குகளை அழித்துவிட்டால் மெமரி கார்டில் இடம் கிடைக்கும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். 2009-ல் நான் அதைத்தான் செய்தேன். அதனால் என்ன போனது என்பதைச் சொன்னால், இப்போதுதான் ரெக்கார்டர் பெட்டி வாங்கிப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் யாராவது ஒருவராவது அழிக்கும் முன் கையை எடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் அப்பா பாடகர் இல்லை. ஆனால் நானும் தங்கையும் சிறுவர்களாக இருந்தபோது எங்களைத் தூங்க வைக்க அவரே சொல் கட்டி, அவரே மெட்டுப் போட்டு ஒரு பாட்டுப் பாடுவார். மூன்று சரணம். அவருக்கு எழுபத்தாறு வயதானபோது அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. எட்டு டிராக் டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்று வாங்கி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, முதல் டிராக்கில் அவர் குரலை மட்டும் பதிந்தேன். "சிவப்பு விளக்கு எரியுதாப்பா? ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் பாடினார். இரண்டாம் சரணத்தில் ஒரு சொல் மறந்து, நின்று, சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். ஒரே தடவையில் பதிந்த ஒரே டேக். மறுபடி பாடச் சொல்ல எனக்கு மனமில்லை.

அன்று இரவே இரண்டாம் டிராக்கில் கிட்டார், மூன்றிலும் நான்கிலும் கீபோர்டு ஸ்டீரியோவாகப் போட்டேன். அடுத்த வாரம் மிக்ஸ் செய்தேன். இப்போது கேட்டால் அந்த மிக்ஸில் எனக்கு உடன்பாடே இல்லை. கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் சத்தம் தூக்கலாக இருக்கிறது. அப்பாவின் குரலில் வயதினால் வந்த நடுக்கத்தை மறைக்கிறேன் என்று எதிரொலியை அள்ளிப் போட்டிருக்கிறேன். அவர் பேசியது, செருமியது எல்லாவற்றையும் முன்னால் வெட்டிவிட்டேன். மறந்துபோய்ச் சிரித்த இடத்தில் குரலை இறக்கி, கீபோர்டை ஏற்றி மூடிவிட்டேன். நல்ல பதிவு என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிக்ஸ் செய்த ஸ்டீரியோ கோப்பைக் கணினியில் எடுத்து, சிடி போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். மூல டிராக்குகள் பெட்டியிலேயே இருந்தன, 'சாங் 007' என்ற பெயரில். பெயர் நான் வைத்ததில்லை, பெட்டி தானாக வைத்தது.

நாலு மாதம் கழித்து வேறொரு பாட்டைப் பதிந்துகொண்டிருந்தேன். கிட்டார் பகுதி சரியாக வராமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோது, கார்டு நிறைந்துவிட்டது என்று திரையில் வந்து பதிவு நடுவில் நின்றுவிட்டது. சாங் மெனுவுக்குப் போனேன். சாங் 001 முதல் 011 வரை வரிசையாக இருந்தது. எது மிக்ஸ் முடிந்தது, எது முடியாதது என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஏழு முடிந்துவிட்டது, மிக்ஸ் கணினியில் இருக்கிறது, சிடியும் கொடுத்தாகிவிட்டது. சக்கரத்தைத் திருப்பி ஏழில் நிறுத்தினேன். 'எரேஸ்'. 'ஆர் யூ ஷ்யூர்?' என்று கேட்டது. 'யெஸ்' என்று அழுத்தினேன். ஒரு சின்னக் கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. இரண்டு நொடிகூட ஆகவில்லை. மீதி இருந்த கிட்டாரை வாசித்து முடித்தேன்.

அப்பா 2011-ல் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு தங்கைதான் கேட்டாள்: "அண்ணா, அந்தப் பாட்டுல அப்பா குரல் மட்டும் தனியா இருக்கா? பின்னால ஒண்ணும் இல்லாம அவர் பாடுறத மட்டும் கேக்கணும்." இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்தப் பெட்டி அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு நொடி ஒலியை 44,100 மாதிரிகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் 16 பிட்டில், அதாவது இரண்டு பைட்டில் எழுதுகிறது. ஒரு டிராக்குக்கு ஒரு நிமிடத்துக்கு 5.3 மெகாபைட் ஆகும். 24 பிட்டில் பதிந்தால் கிட்டத்தட்ட 8 மெகாபைட். பாடினாலும் ஒன்றுதான், சும்மா இருந்தாலும் ஒன்றுதான். மௌனத்துக்கும் அதே இடம். அப்பாவின் பாட்டு மூன்றரை நிமிடம், நான்கு டிராக். கூட்டிப் பார்த்தால் 74 மெகாபைட்.

இந்தப் பக்கம், அன்று நான் பதிந்துகொண்டிருந்த அந்த வேறொரு பாட்டின் கிட்டார், ஐந்து நிமிடம். அதை நான் பதினொரு தடவை முழுதாக வாசித்திருந்தேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. 'அன்டூ' செய்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பழைய டேக் ஒவ்வொன்றையும் அந்தப் பெட்டி உள்ளே பத்திரமாக வைத்திருந்தது. பதினொரு டேக் சேர்ந்து 290 மெகாபைட்டுக்கு மேல். எனக்கு வேண்டாத, நானே சரியில்லை என்று ஒதுக்கிய பத்து டேக்குகள் அந்த 2 ஜிபி கார்டில் உட்கார்ந்திருக்க, அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் குரலை நான் எடுத்து வெளியே போட்டேன். பயன்படாத டேக்குகளை மட்டும் நீக்குவதற்கு அதே மெனுவில், மூன்று வரி கீழே ஒரு வழி இருந்தது. சில பெட்டிகளில் அதற்கு 'ஆப்டிமைஸ்' என்று பெயர். கையேட்டில் அது எழுபதாம் பக்கத்துக்கு மேலே எங்கோ இருந்தது. இடம் போதவில்லை என்று எந்த மல்டிடிராக் பெட்டி சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது, ஏனென்றால் பழைய டேக்கில் ஒரு நல்ல வரி கிடக்கலாம். கேட்டுவிட்டு, வேண்டியதைக் காலியாக உள்ள டிராக்குக்கு மாற்றிவிட்டு, அப்புறம் நீக்க வேண்டும்.

டிராக்குகள் எதற்கு, மிக்ஸ்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். உங்கள் கட்டுரையாளரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். மிக்ஸ் என்பது பாலில் கலந்த சர்க்கரை மாதிரி. கீபோர்டைக் குறைக்க வேண்டும் என்றால் குரலும் சேர்ந்து குறையும். எதிரொலி குரலோடு ஒட்டிவிட்டது. அதைப் பிரித்தெடுக்க முடியாதா என்று நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது குரலையும் இசையையும் பிரிக்கிற மென்பொருள்கள் வந்துவிட்டன. உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்தான். அப்பாவின் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். முதல் சரணம் ஓரளவு வந்தது. ஸ்ட்ரிங்ஸ் தூக்கலாக உள்ள இரண்டாம் சரணத்தில் அவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குழைந்து, சொற்களின் விளிம்பு கரைந்து போகிறது. எதிரொலியை எடுக்கப் பார்த்தால் மூச்சுச் சத்தமும் சேர்ந்து போகிறது. வெட்டி எறிந்த பேச்சும் சிரிப்பும் எந்த மென்பொருளுக்கும் கிடைக்காது, அவை அந்தக் கோப்பிலேயே இல்லை.

இதே ஆபத்து 'பவுன்ஸ்' செய்வதிலும் இருக்கிறது. எட்டு டிராக்கில் ஆறு நிறைந்ததும் அவற்றை மீதி இரண்டில் சேர்த்துவிட்டு, அந்த ஆறையும் காலி செய்து மேலும் பதிவது வழக்கம். அதுவும் ஒரு குட்டி மிக்ஸ்தான். சேர்க்கும் முன் அந்தப் பாட்டையே முழுதாக நகல் எடுத்து இன்னொரு பெயரில் வைத்துக்கொண்டு, நகலில் பவுன்ஸ் செய்யுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் 'சாங் காப்பி' இருக்கும். நான் பார்த்தவரை அதை யாரும் தொடுவதில்லை.

நாடாக் காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. 1979-ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது, சாதாரண ஆடியோ கேசட்டில் நான்கு டிராக் பதிய முடிந்தது. வீட்டில் பாட்டுப் பதிகிறவர்கள் பலருக்கு அதுதான் தொடக்கம். பாட்டு என்பது கையில் பிடிக்கிற ஒரு கேசட். மேலே பேனாவால் பெயர் எழுதலாம், அழியக் கூடாது என்றால் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடலாம். ஒரு பாட்டுக்கு இடம் இல்லை என்றால் வேறு கேசட் போடுவோம், ஏற்கெனவே இருப்பதை எடுத்து எறிய மாட்டோம். டிஜிட்டலில் எல்லாப் பாட்டும் நகம் அளவு கார்டு ஒன்றுக்குள் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பெயர். எது அப்பா, எது நானே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒத்திகை என்று பெட்டிக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

அதனால் முதல் வேலை பெயர் வைப்பது. பதிந்த அன்றே, பெட்டியை அணைக்கும் முன்பே. சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவது எரிச்சலான வேலைதான். என் பழைய பெட்டியில் ஆங்கில எழுத்தில் எட்டு மட்டுமே போடலாம். அதில் முதல் ஐந்து எழுத்து பாட்டுக்கு, ஒரு எழுத்து யார் பாடியது என்பதற்கு, கடைசி இரண்டு இலக்கம் எத்தனையாவது வடிவம் என்பதற்கு என்று வைத்துக்கொண்டேன். இலக்கத்தை 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நின்று குழப்பும். தேதியைப் பெட்டி தானாகப் போடும் என்று நம்பக் கூடாது. சில பெட்டிகளில் கடிகாரமே கிடையாது. சிலவற்றில் உண்டு, ஆனால் பேட்டரி இறங்கியதும் பழைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். என் பாட்டுகளில் பாதி அப்படி ஒரே நாளில் பிறந்தவையாகக் கிடக்கின்றன.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். எந்த டிராக்கில் யார், எந்த மைக், எந்தச் சுருதி, எவ்வளவு வேகம், எத்தனையாவது டேக் நல்லது. மிக்ஸ் செய்யும்போது ஃபேடர்கள் (ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டன்கள்) இருந்த இடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துவிடுவேன். எழுத ஐந்து நிமிடம் ஆகும். மூன்று வருடம் கழித்து ஆறாம் டிராக்கில் முனகுவது யார் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பாட்டை வெளியே எடுப்பது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். இந்தப் பெட்டிகளில் ஒரு பாட்டு என்பது ஒரு கோப்பு இல்லை. பல ஒலித் துண்டுகள், எந்தத் துண்டு எந்த டிராக்கில் எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்ற கணக்கு, ஃபேடர் நிலைகள் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை. சில பெட்டிகள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே சாதாரண டபிள்யூ.ஏ.வி. கோப்புகளாகவே, அதாவது கணினி படிக்கும் சுருக்காத ஒலிக் கோப்புகளாகவே வைக்கும். கணினியில் சொருகினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வேறு சில பெட்டிகள் கார்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு பாதி பெட்டிக்கு மட்டும், மறு பாதிதான் கணினிக்குத் தெரியும். பாட்டு இருப்பது முதல் பாதியில். யூ.எஸ்.பி. வயரை மாட்டிவிட்டு, தெரிகிற ஃபோல்டர்களையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, எல்லாம் நகல் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், எடுத்தது வெறும் உறையைத்தான். பெட்டியிலேயே பேக்கப் கொடுத்த பிறகுதான் அந்தப் பாட்டு ஒரு கோப்பாக மறு பாதிக்கு வரும்.

அப்படி வந்த பேக்கப் கோப்பும் போதாது. அதை அதே பெட்டியோ அதன் வகையைச் சேர்ந்த பெட்டியோதான் திறக்கும். பெட்டி பழுதானால், அந்த மாடல் உற்பத்தி நின்றுபோனால், கோப்பு இருந்தும் பாட்டு இல்லை. இன்னும் பழைய, ஹார்டு டிஸ்க் வைத்த பெட்டிகளில் சில, இடத்தை மிச்சப்படுத்த ஒலியையே தமக்கான தனி முறையில் சுருக்கி எழுதின. அவற்றைக் கணினி நேரடியாகப் படிக்காது. ஆகவே பேக்கப்போடு நிறுத்தாமல், ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி டபிள்யூ.ஏ.வி. கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். எம்.பி.3 வேண்டாம், அது ஒலியில் ஒரு பகுதியை எறிந்துவிட்டுத்தான் சிறிதாகிறது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ., பழைய நாடாக்களை டிஜிட்டலாக மாற்றுகிறவர்களுக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரி), 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. வீட்டில் புதிதாகப் பதிகிறவர்களும் பெட்டி இடம் கொடுத்தால் 24 பிட்டிலேயே பதியலாம். ஆனால் 16 பிட்டில் பதிந்துவிட்டதை 24 ஆக மாற்றி எழுதுவதில் பயனில்லை, உள்ளதை உள்ளபடி எடுத்தால் போதும்.

ஏற்றுமதி செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லா டிராக்கும் பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது குரல் 1 நிமிடம் 12-ஆவது நொடியில்தான் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அங்கிருந்து வெட்டி எடுத்தால், பத்து வருடம் கழித்து வேறு மென்பொருளில் வைக்கும்போது அது எங்கே உட்கார வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? முன்னால் உள்ள 72 நொடி மௌனத்தோடு சேர்த்து எடுத்தால், எட்டுக் கோப்பையும் இடது ஓரத்தில் வரிசையாக அடுக்கினாலே பாட்டு தானாகச் சேர்ந்துவிடும். மௌனத்துக்கும் இடம் ஆகும்தான், 72 நொடிக்கு ஆறு மெகாபைட்டுக்கும் சற்று மேல். ஆகட்டும். எதிரொலி போன்ற எதுவும் சேராத பச்சைக் குரலாக எடுக்கும் வழி பெட்டியில் இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுங்கள். எதிரொலியை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்த கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றைத் தங்கை வீட்டிலும் வைத்திருக்கிறோம். போட்டதோடு விடுவதில்லை, திறந்து கேட்கிறோம். ஒருமுறை எட்டுக் கோப்பும் பெயரோடு சரியாக இருந்தன, ஆனால் ஐந்தாவது பூஜ்ஜிய பைட். நகல் முடிவதற்குள் வயர் ஆடியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கிறது, கேட்டுப் பார்த்தால்தான் ஏழு என்று தெரிந்தது. நல்லவேளை, கார்டில் மூலம் இருந்தது. கேட்ட பிறகுதான் கார்டிலிருந்து எதையும் அழிப்பது என்று அன்று முடிவு செய்தேன். இப்போது கார்டிலிருந்தும் அழிப்பதில்லை. கார்டு நிறைந்தால் கேசட் மாற்றுவது போல வேறு கார்டு போடுகிறேன், நிறைந்த கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டைக் கீழே தள்ளி உறையில் பெயர் எழுதி வைக்கிறேன். புது கார்டு வாங்கும்போது மட்டும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகள் சில 2 ஜிபிக்கு மேல் படிக்காது, சில 32 ஜிபி வரை மட்டும் படிக்கும். புது கார்டைக் கணினியில் ஃபார்மேட் செய்யாமல் பெட்டியிலேயே செய்ய வேண்டும். பாட்டுக்குப் 'புரொடெக்ட்' போட்டிருக்கிறோமே என்று ஃபார்மேட் விஷயத்தில் தைரியமாக இருக்க வேண்டாம். ஃபார்மேட் செய்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். இந்தப் பெட்டிகள் பல, அணைக்கும் நேரத்தில்தான் பாட்டின் கணக்கை முழுதாக எழுதி முடிக்கின்றன. அடாப்டரைப் பிடுங்கினால் ஒலி கார்டில் இருந்தும் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு இல்லாமல் போகும். பட்டனை அழுத்தி, திரை தானாக அணையும் வரை காத்திருங்கள். கார்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது கார்டைத் தொடவே வேண்டாம்.

தவறி அழித்துவிட்டீர்களா? அந்த நொடியிலேயே பதிவை நிறுத்துங்கள். கார்டை எடுத்து, பூட்டைத் தள்ளி, தனியாக வையுங்கள். அழிப்பது என்றால் பெரும்பாலும் பட்டியலில் பெயரை அடிப்பதுதான். ஒலி, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை கார்டிலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அழிந்த டபிள்யூ.ஏ.வி. கோப்புகளைத் தேடி எடுத்துத் தரும். தனிப் பாதியில், தன் சொந்த முறையில் எழுதும் பெட்டியாக இருந்தால் கடினம், தரவு மீட்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது அந்தக் கார்டில் மேலும் நான்கு பாட்டு பதிந்து முடித்திருந்தேன்.

அலமாரியில் பழைய பெட்டி ஒன்று உறங்குகிறது, அதில் யாரோ பாடியது இருக்கிறது என்றால், இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் வைத்த பெட்டி என்றால் இன்னும் அவசரம், பல வருடம் சுற்றாமல் கிடந்த டிஸ்க் திடீரென்று சுற்ற மறுக்கும். அதன் அடாப்டர் காணாமல் போயிருந்தால் கையில் கிடைத்ததை மாட்டிவிடாதீர்கள். முனை பொருந்தினாலும் வோல்ட்டேஜ் வேறாக இருக்கலாம், நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பெட்டி தயாரிக்கிறவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். 'ஆர் யூ ஷ்யூர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பாட்டின் பெயர், நீளம், கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தது, இதுவரை எடுக்கவே இல்லையா என்பதையும் அதே திரையில் காட்டுங்கள். முடிந்தால் முதல் டிராக்கின் முதல் ஐந்து நொடியை ஒலிக்கச் செய்யுங்கள். அன்று அந்தப் பெட்டி "சிவப்பு விளக்கு எரியுதாப்பா?" என்று ஒருமுறை ஒலித்திருந்தால் நான் 'யெஸ்' அழுத்தியிருக்க மாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரை இன்னும் இரண்டு வாரம் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரப் பகுதியில், டிராக்குகளை அழிக்கலாம் என்ற அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், டிராக்குகளைப் பூஜ்ஜியத்திலிருந்து தனித்தனியாக எடுத்து வைப்பது எப்படி என்று கட்டுரையாளரே அரைப் பக்கம் எழுதினால் மிகவும் நல்லது. என்னைவிட அவர் தெளிவாகச் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்